தடம் திறந்து வைத்தவர்

வக்கீல் சென்னகேசவன் தம் வாழ்நாளில் தோற்ற வழக்குகள் மிகக் குறைவு. ஜெயித்தவை அதைவிடக் குறைவு. வழக்கு என்று ஒன்று முடிந்தால்தானே தோற்பதும் ஜெயிப்பதும்?

வாய்தா வாங்குவதில் காரமடை வட்டாரத்தில் அவருக்கு இணை கிடையாது. கட்சிக்காரருக்கு வயிற்றுப்போக்கு, வால்பாறைக்குப் போன சாட்சிக்குக் கீழே இறங்க பஸ் கிடைக்கவில்லை, ஊரில் மாசித் தேர், கேஸ் கட்டு வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டுவிட்டது என்று காரணங்கள் அவரிடம் வற்றியதே இல்லை. ஒரே காரணத்தை ஒரே நீதிபதியிடம் இரண்டாம் முறை சொல்லமாட்டார். அது தொழில் தர்மம். நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டால் எல்லாக் காரணங்களும் மறுபடி புதுசாகிவிடும்.

அவருடைய அப்பா அரங்கசாமி பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர். மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைவது தொழில். காலேஜ் முடித்த மகனைப் பட்டறையில் விட்டுப் பார்த்தார். மகன் மெஷின் முன்னால் நின்று, இந்த வேலை ஏன் இன்றைக்கு முடியாது என்பதற்கு அருமையான விளக்கங்கள் கொடுத்தார். கேட்டுக்கொண்டிருந்த அரங்கசாமிக்குக் கோபம் வரவில்லை, பிரமிப்புத்தான் வந்தது. “இவன் இரும்பைக் கடையறதுக்குப் பொறக்கல, ஆளுங்களைக் கடையறதுக்குப் பொறந்திருக்கான்” என்று சட்டக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

கட்டிக்கொண்டது அன்னூர்க் கனகத்தை. கனகம் வீட்டுக்குள் தெலுங்கில் திட்டுவாள்; வாசலில் யாராவது வந்து நின்றால் தமிழில் சிரிப்பாள். இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடுகிற நேரம்கூட அவளுக்குத் தேவைப்படாது. கல்யாணமான புதிதில் வக்கீல் வீட்டுக்காரி என்கிற பெருமை அவளுக்கும் இருந்தது. சமையல்கட்டுக் குழாய் ஒழுக ஆரம்பித்தபோது அந்தப் பெருமையும் கூடவே ஒழுக ஆரம்பித்தது.

“ஏனுங்க, சிங்க்குக் கொழாய் சொட்டுதுங்க.”

“ஞாயித்துக்கெழம பாத்தர்லாம் கனகம்.”

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவர் சொன்னதில்லை. குழாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. அந்த வாளி விளிம்பு உடைந்து, அதன் இடத்துக்கு இன்னொரு வாளி வந்தது. குழாய் மட்டும் அதே குழாய்.

வாய்தாவிலேயே ஆயுளைக் கழித்துவிடக் கூடாது, மக்களுக்கும் ஏதாவது செய்யவேண்டும் என்று வக்கீலுக்குத் தோன்றியது நாற்பது வயதை ஒட்டி. ஒரு கட்சியில் சேர்ந்தார். கட்சிக் கரை போட்ட வேட்டி கட்டினார். தேர்தல் வந்தபோது எம்.எல்.ஏ. ஸீட்டு கேட்டு விண்ணப்பம் போட்டார். நேர்காணலில் தலைவர் அவர் முதுகைத் தட்டி, “அடுத்த தடவை பாக்கலாம்” என்றார். இன்னொருவராக இருந்தால் வருத்தப்பட்டிருப்பார். சென்னகேசவனுக்கோ மரியாதைதான் கூடியது. எத்தனை லாவகமாக வாய்தா கொடுக்கிறார் மனுஷன்! இருந்தாலும் ஸீட்டு முக்கியம் என்பதால் வேறு கட்சிக்குப் போனார். அங்கேயும் முதுகுதான் தட்டினார்கள். மூன்றாவது கட்சிக்குப் போனார்.

கட்சி மாறும்போதெல்லாம் கனகம் பழைய வேட்டிகளின் கரையைக் கத்தரித்துவிட்டு இட்லித் துணியாக்கிக்கொண்டாள். நல்ல மல் துணி, மாவு ஒட்டாது. “உங்க கட்சியால ஊருக்கு என்ன ஆச்சோ தெரியாது, நம்மூட்டு இட்லி பூவாட்டம் வருதுங்க” என்பாள்.

மூன்றாவது கட்சி கடைசியில் ஒரு ஸீட்டு கொடுத்தது. சட்டசபைக்கு இல்லை. ஒன்றியக் கவுன்சிலர். சட்டமன்றத்தில் முழங்கவேண்டிய குரல் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் முழங்கப் போகிறதே என்று வக்கீல் ஒரு நாள் பூராவும் சோர்ந்து கிடந்தார். மறுநாள் எழுந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பல வருஷமாகக் காத்திருந்து கிடைத்தது. இதிலும் தோற்றால் அடுத்த தடவை முதுகு தட்டக்கூட ஆள் இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

வார்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தது. நடுவில் ஒரு குக்கிராமம், நொச்சிக்காட்டுப்புதூர். அந்த ஊர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் வார்டு சாயும். அங்கேதான் சிக்கல். நொச்சிக்காட்டு ஜனங்கள் வக்கீலை நன்றாக அறிவார்கள். பத்து வருஷமாக கோர்ட்டில் எதிர்ப்பக்கம் பார்த்துவருகிறார்கள்.

விஷயம் ஒரு தடம். காட்டுக்கும் தோப்புக்கும் நடுவே வண்டி போகிற மண்வழிக்குத் தடம் என்று பெயர். கொங்கு நாட்டில் அண்ணன் தம்பி பேசாமல் போவதற்கும், பங்காளிகள் நோம்பி திருவிழாவுக்கு வராமல் போவதற்கும், வக்கீல்கள் மாடி வீடு கட்டுவதற்கும் தடம் ஒன்றே போதும். நொச்சிக்காட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வரும் தடம் தம்பிதுரை என்பவரின் தென்னந்தோப்பு வழியாகப் போகிறது. எத்தனையோ காலமாக எல்லாரும் போனார்கள், வந்தார்கள், ஒரு வம்பும் இல்லை.

வம்பு வந்தது கல்யாணத்தில். தம்பிதுரை தம் மகள் கல்யாணத்துக்கு நொச்சிக்காட்டு ஜனங்களைப் போனிலேயே அழைத்துவிட்டார். வேலை நெருக்கடி, வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைக்க நேரமில்லை. போனிலே கூப்பிட்டால் யார் போவார்கள்? ஒருவரும் போகவில்லை. ஊருக்கென்று சமைத்த சாப்பாடு அப்படியே கிடந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் தலை குனிந்த தம்பிதுரை, கல்யாணப் பந்தலைப் பிரிப்பதற்கு முன்பே தடத்தில் வேலி போட்டார். போட்ட வேலியை சட்டப்படி நிறுத்திவைக்க சென்னகேசவனிடம் வந்தார்.

வக்கீல் வேலையைத் திருத்தமாகச் செய்தார். “ஆளோ, மாடோ, வண்டியோ எதுவும் அத்தடத்தில் போகக் கூடாது” என்று இடைக்காலத் தடை வாங்கினார். ஊருக்குத் தெற்கே பள்ளம் என்கிற ஓடை இருக்கிறதே, அது மிக நல்ல மாற்றுப் பாதை என்று நீதிபதியிடம் எடுத்துச் சொன்னார். அதன்பின் இடைக்காலம் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. வாய்தாவுக்கு வாய்தா தடை நீண்டுகொண்டே போயிற்று. நொச்சிக்காட்டுக்குப் பால் வண்டி வருவது நின்றது. ஜனங்கள் பால் கேனைத் தலையில் வைத்துப் பள்ளத்தில் இறங்கி ஏறினார்கள். பிரசவத்துக்குப் போகிற பெண்ணைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள்.

இப்போது அந்த ஊருக்கு வக்கீல் ஓட்டு கேட்டுப் போகவேண்டும். போனிலோ, மைக் கட்டிய வண்டியை ரோட்டில் நிறுத்திவைத்தோ கேட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தம்பிதுரை வீட்டுக் கல்யாணமே சாட்சி. வாசலுக்குப் போய்த்தான் கேட்கவேண்டும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பிரசார ஜீப்பு தோப்பு வேலியருகே வந்து நின்றது. ஜீப்பு தம்பிதுரையுடையது. ஓட்டி வந்தவரும் அவரே. உள்ளே வக்கீல், கனகம், வக்கீலின் ஜூனியர் அருள்குமார்.

“வேலியைத் தாண்டி நடந்தே போயர்லாமுங்களா சார்?” என்று கேட்டான் அருள்குமார்.

“ஆளோ, மாடோ, வண்டியோன்னு எழுதுனதே நாந்தான். நானே மிதிச்சா கோர்ட்டு அவமதிப்பு. அந்த ரவிதேஜா போனை நீட்டிப் புடிச்சுட்டுப் பின்னாலயே வாரான், பாரு.” ரவிதேஜா என்பது எதிர் வேட்பாளர். சைட்டு வியாபாரம் செய்கிறவர்.

“அப்பறம் எப்படிங்க சார்?”

தம்பிதுரை ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே சொன்னார்: “பள்ளத்து வழி இருக்குதுங்களே. மிக நல்ல பாதைன்னு நீங்களே கோர்ட்டுல சொன்னீங்களே.”

கேலி செய்கிறாரா என்று வக்கீல் அவர் முகத்தைப் பார்த்தார். தம்பிதுரை முகத்தில் பக்திதான் இருந்தது.

மிக நல்ல பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. அதற்குக் கீழே சேறு. சேற்றுக்குள் கருவேல முள். வக்கீல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். கனகம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குங்குமச் சிமிழை வாயில் கவ்வியபடி பின்னால் வந்தாள். வாயில் சிமிழ் இருந்ததால் தெலுங்கு வெளியே வரவில்லை. பாதிப் பள்ளத்தில் வக்கீலின் கால் வழுக்கியது. வெள்ளை வேட்டி இடுப்பு வரைக்கும் நொச்சிக்காட்டு நிறமாகிவிட்டது. எழுந்து பார்த்தால், தலையில் பால் கேனோடு எதிரே பழனாத்தாள் நிற்கிறாள்.

பழனாத்தாள் நான்கு மாடு வைத்திருப்பவள். கோர்ட்டில் வாய்தாவுக்கு வாய்தா வந்து பின் பெஞ்சில் உட்காருகிறவள். வக்கீலைச் சாவகாசமாக ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏனுங் வக்கீலய்யா, வழி எப்படியிருக்குதுங்?”

“பரவால்லீங்க.”

“பரவால்லைதானுங்களே. மாட்டுக்கே பரவால்லாமத்தான் இருக்குதுங்க. சித்த நில்லுங்க, பாலைக் குடுத்துப்போட்டு ஓடியாரேன். ஊட்டுக்கு வந்தவியளை ஈரத்தோட உட்டா ஊர் சிரிக்கும்.”

ஊருக்குள் நடந்த உபசரிப்பை வக்கீல் பிறகு பல மேடைகளில் வர்ணித்திருக்கிறார். நஞ்சுண்டன் என்பவர்தான் கேஸில் முதல் பிரதிவாதி. வக்கீல் இத்தனை வருஷமாக ‘அத்துமீறி நடக்கும் சுபாவமுள்ளவர்’ என்று மனுவுக்கு மனு எழுதிவந்தது அவரைத்தான். அந்த நஞ்சுண்டன் ஓடிவந்து நாற்காலி போட்டார். சொந்த வேட்டியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். ஓலைப் பக்கடா வந்தது. காப்பி வந்தது, வக்கீல் வேண்டாம் என்று சொல்லியும் இரண்டாவது காப்பி வந்தது.

“ஏனுங், இத்தன தூரம் நடந்து வரோணுமுங்களா? சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே வந்திருப்பமுங்களே.”

“வாசலுக்கு வந்து கேக்கறதுதானுங்க மரியாதை. உங்க ஓட்டு எனக்குத்தானுங்க?”

“ஆகட்டுமுங்க. அதுக்கென்னுங்க. பாத்துக்கலாமுங்க.”

“நான் ஜெயிச்சா அந்தக் கருப்புக் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிப்போட்டு, முழு நேரமும் உங்களுக்குத்தான் உழைப்பேன்.”

“ஆகட்டுமுங்க.”

பெண்களிடம் குங்குமம் கொடுத்து முடித்த கனகம், பழனாத்தாள் வீட்டு வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சேலையின் ஈரம், குதிகாலில் ஏறிய முள், புருஷனின் மேடைக் குரல் மூன்றும் சேர்ந்து அவளைப் படுத்தின. பழனாத்தாள் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசினாள்.

“ஏன் அம்மணி, உங்கூட்டுக்காரருக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? எத்தன வாய்தாவுங்க! ஒருக்கா தேருன்னாரு. ஒருக்கா சாட்சிக்குக் காச்சல்னாரு. அந்தச் சாட்சி அன்னைக்கு எங்கூடத்தான் பஸ்ஸுல நின்னுட்டு வந்தானுங்க.”

“எங்கிட்ட ஏனுங்கக்கா சொல்றீங்க? எங்கூட்டுக் கொழாய் எத்தன வருசமா ஒழுகுது தெரியுங்களா? அவரு கோர்ட்டுக்குப் போற வரைக்கும் உங்க கேசு இப்படியேதான் கெடக்கும். போகாம இருந்தாருன்னா ஒரே நாள்ல முடிஞ்சுரும்.”

எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் பழனாத்தாளின் கைச்சொம்பு சாய்ந்தபடியே நின்றுவிட்டது. தண்ணீர் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தது.

“ஜெயிச்சா கோர்ட்டுக்குப் போகமாட்டாருங்களா?”

“அப்படித்தானுங்க மைக்குல சொல்லீட்டுத் திரியறாரு.”

“நெசமாவே சொல்றாருங்களா?”

“கோட்டைத் தொவைச்சு மடிச்சு பீரோவுலயே வெச்சுட்டாருங்க.”

பழனாத்தாள் மேற்கொண்டு எதுவும் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு சம்புடத்தில் வெண்ணெய் எடுத்து வந்து கனகத்தின் கையில் வைத்தாள்.

திரும்பும்போது பள்ளத்தில் வக்கீல் பூரித்துப்போய் நடந்தார். “பாத்தியா கனகம்! நொச்சிக்காடு நம்ம பக்கம். எத்தன மரியாதை!”

“அதுதானுங்க எனக்கு பயமா இருக்குது. நம்மூரு ஆளுங்க ஓட்டுப் போடறதா இருந்தா மூஞ்சிக்கு நேரா திட்டிப்போட்டுத்தான் போடுவாங்க. பக்கடா, ரெண்டு காப்பி, மாத்து வேட்டி... இது தோத்தவனுக்குப் பண்ற உபசாரமுங்க.”

கோபத்தை மரியாதையில் சுற்றிக் கொடுப்பது கொங்கு நாட்டுப் பழக்கம். வக்கீலும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். பிடிக்காத கட்சிக்காரரிடம் அவரே எத்தனையோ தடவை ‘ஆகட்டுமுங்க’ சொல்லியிருக்கிறார். ஆனாலும் நாற்காலி போட்டதும் நம்பிவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் கனகத்தின் பயம் அவரையும் தொற்றியது. தூக்கம் போயிற்று. தடையை வாபஸ் வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தார். அப்படிச் செய்தால் தம்பிதுரை ஜீப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். கூடவே அவர் சொந்தபந்தங்களின் ஓட்டும் போய்விடும். செய்யாவிட்டால் நொச்சிக்காடு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் தவித்த வக்கீல், முடிவைப் பொழுதோட, அதாவது சாயங்காலம், எடுக்கலாம் என்று தள்ளிவைத்தார். பொழுதோட, நாளைக் காலையில் என்று தள்ளிவைத்தார். அதற்குள் ஓட்டுப்பதிவு வந்துவிட்டது.

எண்ணிக்கை அன்று நொச்சிக்காட்டுப் பெட்டியைத் திறக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அருள்குமார் உலுக்கியபோதுதான் திறந்தார். பெட்டியில் ரவிதேஜாவுக்கு விழுந்தது விரல் விட்டு எண்ணக்கூடியது. மற்றதெல்லாம், ஊரே திரண்டு, சென்னகேசவனுக்கு.

வெடி வெடித்தார்கள். தம்பிதுரை ஓடி வந்து கட்டிப்பிடித்தார். வக்கீல் மைக் முன்னால் கண்ணீர் மல்க, “எதிர்க்கட்சிக்காரர் மனசையும் என் பேச்சு ஜெயித்துவிட்டது” என்றார். கனகம் மட்டும் வெண்ணெய்ச் சம்புடத்தை நினைத்துப் பார்த்தாள். ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

பதவியேற்பு நாள் வந்தது. அன்றைக்குத்தான் நொச்சிக்காட்டுக் கேஸுக்கும் வாய்தா. அதை வக்கீல் மறக்கவில்லை. “பதவி ஏத்ததும் நீ கெளம்பிப் போயி ஒரு தேதி வாங்கிக்கோ. சீனியர் இப்பக் கவுன்சிலர் ஆயிட்டாருங்கற காரணத்தை இதுவரைக்கும் எந்த கோர்ட்டும் கேட்டிருக்காது” என்று அருள்குமாரிடம் சொல்லியிருந்தார்.

ஒன்றிய அலுவலகத்தில் பதவிப் பிரமாணம் சீக்கிரமே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நொச்சிக்காடு வந்து சேர்ந்தது. ஆணும் பெண்ணுமாகப் பள்ளத்தைத் தாண்டி, வேன் பிடித்து, ஆளுக்கொரு மாலையோடு வந்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் ஒரே மாலை என்கிற சிக்கனமே அன்றைக்கு இல்லை. வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் போட்டார்கள். போட்டவர் போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்த போட்டோ சரியாக விழவில்லை என்று மறுபடி போட்டார். மாலைகளைக் கழுத்திலிருந்து கழற்றிக் கழற்றி அருள்குமாரின் தோளில் அடுக்கினார்கள். அவன் கோழிக்கொண்டைப் பூ மலைக்குள் நின்றுகொண்டு, “சார், கோர்ட்டுக்கு...” என்றான்.

“அட, இருங் தம்பி” என்று பழனாத்தாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “பக்கத்து மண்டபத்துல கெடா வெட்டியிருக்குது. ஒரு வாய் சாப்புட்டுப்போட்டுப் போவீங்களாமா. சாப்புடாமப் போனா எங்களுக்கு அவமரியாதையில்லீங்களா?”

சாப்பிடாமல் போனால் என்ன ஆகும் என்பதும் தம்பிதுரை வீட்டுக் கல்யாணத்திலேயே எல்லாரும் படித்த பாடம். அருள்குமார் இலை முன்னால் உட்கார்ந்தான். இலையை மடிக்க விட்டால்தானே! கறி, மறுபடி கறி, ரசம், தயிர். வக்கீல் நடுநாயகமாக இருந்து சாப்பிட்டார். கனகம் பந்தியைச் சுற்றிப் பார்த்தாள். நொச்சிக்காட்டில் எல்லாரும் இருந்தார்கள். நஞ்சுண்டனைத்தான் காணோம்.

நஞ்சுண்டன் கோர்ட்டில் இருந்தார். அங்கே புது நீதிபதி. பழைய வழக்குகளை முடிப்பதில் தீவிரமானவர். வழக்கு ஒரு தடவை கூப்பிடப்பட்டது. வாதி தரப்பில் யாரும் எழவில்லை; வாய்தாவுக்கு வரும் வழக்கத்தைத் தம்பிதுரை எப்போதோ விட்டிருந்தார். மதியத்துக்கு மேல் மறுபடி கூப்பிடப்பட்டது. யாருமில்லை. நொச்சிக்காட்டு வக்கீல் எழுந்து, தாம் தயாராக இருப்பதாக மட்டும் சொன்னார். பத்து வருஷமாக அவர் சொல்லிவந்த ஒரே வாக்கியம் அது. அன்றைக்குத்தான் அதற்கு வேலை வந்தது. வாதி தரப்பு ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி. வழக்கு போனதும் தடையும் கூடவே போயிற்று.

ஏப்பம் விட்டபடி மூன்று மணிக்கு கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த அருள்குமார் விஷயத்தைத் தெரிந்துகொண்டான். சீனியரிடம் உடனே சொல்லவேண்டும். ஆனால் சந்தோஷமாக இருக்கிறார். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான். யாரிடம் தொழில் கற்றவன் அவன்!

அந்த இடைவெளியில் நஞ்சுண்டனும் பழனாத்தாளும் வக்கீல் வீட்டுக்கு வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம். முறைப்படி தட்டை நீட்டி அழைத்தார்கள்.

“கவுன்சிலரா ஆனதுக்கப்பறம் மொத மொதல்ல எங்க ஊருக்குத்தான் வரோணுமுங்க. ஒரு ரிப்பன் வெட்டறது இருக்குதுங்க.”

எதற்கு ரிப்பன் என்று வக்கீல் கேட்கவில்லை. ரிப்பன் என்ற சொல்லே அவர் காதில் நாதஸ்வரமாக விழுந்தது. எத்தனை வருஷமாக இன்னொருவர் வெட்டும் ரிப்பனுக்குப் பின்னால் நின்று கை தட்டியிருக்கிறார்!

குறித்த நாளில் மேளம் முழங்க அவரை அழைத்துப் போனார்கள். கார் தோப்பருகே நின்றது. தம்பிதுரை போட்டிருந்த வேலி சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. தடத்துக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். இந்தப் பக்கம் பத்திரிகைக்காரர் இருவர், அந்தப் பக்கம் பூ ஜோடித்த பால் வண்டி. தோப்புக்குள் ஒரு தென்னையின் நிழலில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு தம்பிதுரை.

கத்தரிக்கோலைக் கையில் வாங்கிய பிறகுதான் வக்கீலுக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்தி, “ஏனுங் நஞ்சுண்டன், தடை இருக்குதுங்களே” என்றார்.

“அது போயிருச்சுங்களே. நீங்க பதவி ஏத்த அன்னைக்கே. கூப்புட்டாங்க, உங்க பக்கம் ஆள் இல்லைன்னு தள்ளுபடி பண்ணிப்போட்டாங்களே. தம்பி சொல்லலீங்களா?”

வக்கீல் திரும்பினார். தம்பி அருள்குமார் பால் வண்டியின் டயரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேளக்காரர் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினார். ஊரே கை தட்டக் கையைத் தூக்கி வைத்திருந்தது. வக்கீல் தோப்பைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். வெட்டாமல் திரும்பினால் ஊருக்கு அவமரியாதை. வெட்டினால் கட்சிக்காரருக்குத் துரோகம். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்தா கேட்க வழியில்லாத இடத்தில் நின்றார்.

வெட்டினார்.

அதோடு நிற்கவில்லை. மைக்கைக் கொடுத்ததும் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. “பள்ளத்தில் இறங்கி வந்து உங்கள் கஷ்டத்தை நேரில் கண்டவன் நான். வந்து சொன்னேன், செய்துவிட்டேன்!” என்றார். கை தட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. மறுநாள் பேப்பரில், பல ஆண்டுப் பிரச்சினையைப் பதவியேற்ற வாரத்திலேயே தீர்த்த கவுன்சிலர் என்று போட்டோவோடு வந்தது.

அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டுதான் தம்பிதுரை வீட்டுக்கு வந்தார். கனகம் காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருந்தாள்.

“கோவிச்சுக்காதீங்க” என்றார் வக்கீல். “மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போடலாம். ஒரு மாசம் டைம் இருக்குது.”

“நீங்களே தொறந்து வெச்ச தடத்துக்கு நீங்களே தடை கேப்பீங்களா? ஜட்ஜு பேப்பர் படிக்க மாட்டாருங்களா?”

வக்கீல் காப்பியை அவர் பக்கம் நகர்த்திவைத்தார்.

“அரசியல்ல நீங்க மூணு பக்கம் மாறினப்ப நாஞ் சிரிச்சேனுங்க” என்றார் தம்பிதுரை. “கோர்ட்டுல மாறமாட்டாருன்னு நெனச்சேன். பரவால்லீங்க. நேத்து அந்தப் பழனாத்தா வெத்தலை பாக்கோட எங்கூட்டு வாசலுக்கு வந்துட்டா. அவ பையன் மதன்குமாருக்குக் கண்ணாலமாமா. நேர்ல வந்து அழைச்சுப்போட்டாளே, போகாம எப்படி இருக்கறது?” காப்பியைக் குடித்தார். “ஒண்ணு மட்டும் பண்ணிக் குடுங்க. தடம்னு ஆயிப்போச்சு. தோப்பு வரைக்கும் தார் போட்டுக் குடுத்துருங்க. தேங்கா லாரி வந்து போகட்டும்.”

“ஆகட்டுமுங்க. அடுத்த மீட்டிங்குல வெச்சர்றேன்” என்றார் கவுன்சிலர்.

தம்பிதுரை டம்ளரை வைத்துவிட்டு, கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு போனார்.

பழனாத்தாள் அதே வாரம் வக்கீல் வீட்டுக்கும் பத்திரிகை வைக்க வந்தாள். கவுன்சிலர் இல்லை, யாருக்கோ மாலை போடப் போயிருந்தார். கனகம் அவளைச் சமையல்கட்டிலேயே உட்காரவைத்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். நீங்கல்லாம் ஏனுங்க இவருக்குப் போட்டீங்க?”

பழனாத்தாள் சிரித்தாள். “நீங்கதான அம்மணி சொன்னீங்க? அவரு கோர்ட்டுக்குப் போகாம இருந்தா ஒரே நாள்ல முடியும்னு. அன்னைக்கு ஊருக்கூட்டம் போட்டுப் பேசுனமுங்க. அந்த ரவிதேஜாவை ஜெயிக்க வெச்சா என்ன ஆகும்? இவரு தோத்துப்போயி கோர்ட்டுக்கே திரும்பிருவாரு. மறுக்கா வாய்தா. அதுக்கு இவரையே ஜெயிக்க வெச்சு ஒன்றியத்துல உக்கார வெச்சுட்டா? நஞ்சுண்டன்தான் ஓட்டுக்கு ஓட்டு நின்னு பாத்தான்.”

“மாலையும் கெடாவும்?”

“கோர்ட்டு முடியற வரைக்கும் புடிச்சு வெக்கோணுமில்லீங்களா? கைகாலைக் கட்டியா வெக்க முடியும்? வந்த மனுசனுக்கு மரியாதை பண்ணிப்போட்டோம்.” எழுந்துகொண்டாள். “அடுத்த தடவையும் எங்கூர் ஓட்டு இவருக்குத்தானுங்க. கோட்டை மட்டும் பீரோவுல இருந்து எடுக்க உட்டுராதீங்க.”

வாசல் வரை போனவள், திரும்பிச் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தாள். “அது என்னுங்க சத்தம்?”

“கொழாய்” என்றாள் கனகம்.

கவுன்சிலர் பொழுதோட வந்தார். வந்ததும் பேப்பரை எடுத்துத் தம் போட்டோவை இன்னொரு தடவை பார்த்தார். சாப்பிட உட்கார்ந்தார். இட்லி பூவாட்டம் இருந்தது.

“கனகம், நொச்சிக்காட்டுல எதுக்கு அத்தன ஓட்டு விழுந்துச்சுன்னு இப்பவும் யோசிக்கறேன். பள்ளத்துல வுழுந்தது மனசைத் தொட்டிருக்குமா? இல்ல, என் பேச்சா? உனக்கு என்ன தோணுது?”

கனகம் நிரம்பிய வாளியைத் தூக்கி ஊற்றிவிட்டு, மறுபடி குழாய்க்கு அடியில் வைத்தாள்.

“எதுக்குன்னு எனக்குத் தெரியுமுங்க.”

“சொல்லு, சொல்லு.”

“ஞாயித்துக்கெழம சொல்றேன்.”